மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டுக் குடித்தனம்

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்த இரவை நினைத்துப் பாருங்கள். பட்டிமன்றத்துக்குக் கூட்டம் இருக்கும், சாப்பாட்டுக்கு அதைவிடக் கூட்டம் இருக்கும். மணி ஒன்பதைத் தாண்டியதும் நாற்காலிகளை மடக்கி அடுக்க, இலைகளை மூட்டை கட்ட, மண்டபத்தைக் கூட்டிக் கொடுக்க என்று பார்த்தால் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். வருடா வருடம் அதே நான்கு பேர்! இத்தனைக்கும் நாமெல்லோரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஏறத்தாழ ஒரே மாதிரி வேலை பார்க்கிறவர்கள்.

அப்படியிருக்க, ஒரே மலையில் ஐந்தாறு வகை மக்கள், இரண்டு மொழிகள், இரண்டு மாநில அரசுகள், ஒரு தேயிலைக் கம்பெனி, ஒரு வனத்துறை, இவற்றுக்கு நடுவே ஒரு சிறிய பஞ்சாயத்து அலுவலகம் என்று இருந்தால் ஊர் வேலையை யார் செய்வது? கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரம் இந்தக் கேள்வி தினமும் எழுகிறது. பொள்ளாச்சி, கோவை, தேனிப் பக்கத்திலிருந்து பெயர்ந்து வந்த நம் குடும்பங்களுக்கு இது மேற்கே தெரியும் மலைதான். மலைக்கு அந்தப் பக்கமும் தமிழ் கேட்கும் என்பது பலருக்குத் தெரியும். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் விசாரிப்பதில்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் நமக்கு வேண்டும் என்று நடந்த போராட்டம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவை கேரளத்தோடு நின்றன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். வரைபடத்தில் கோடு போட்டாயிற்று. கோட்டின் மேல் வாழ்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நமக்கெல்லாம் பரிச்சயமான இடத்திலிருந்து தொடங்குகிறேன். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மங்கலதேவி கோயில் இருக்கிறது. கண்ணகி கோட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். மதுரையை எரித்த பின் மேற்கே நடந்து சேர நாட்டு மலை ஏறிய கண்ணகியை முதலில் கண்டவர்கள் மலைவாழ் குறவர்கள் என்கிறது சிலப்பதிகாரம். அரசனுக்குச் செய்தி சொன்னதும் அவர்கள்தான். இந்த இடம்தான் அந்த இடம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அடையாளம் காட்டிய பிறகு தமிழகத்தில் ஆர்வம் பெருகியது. எல்லை யாருடையது என்ற வழக்கும் கூடவே வளர்ந்தது.

வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் இந்தக் கோயில் மக்களுக்குத் திறக்கிறது. அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடு சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தேனி மாவட்ட ஆட்சியரும் இடுக்கி மாவட்ட ஆட்சியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். குடிநீர்த் தொட்டிகள் எங்கெங்கே, முதலுதவி யார் பொறுப்பு, ஆம்புலன்ஸ் எந்த வளைவில் நிற்கும், காட்டுத் தீ பிடித்தால் யார் ஓடுவது என்பது வரை அங்கே முடிவாகும். குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறும் ஜீப்புகளைப் போக்குவரத்துத் துறை சோதித்துச் சீட்டு ஒட்டுகிறது. தமிழகப் பக்கம் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக நடந்தே வருகிறவர்களும் உண்டு. சந்நிதிகளில் ஒன்றில் கேரள முறைப் பூசை, மற்றொன்றில் தமிழ் முறைப் பூசை. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். காடு மறுபடி யானைக்கும் புலிக்கும் சொந்தம்.

இரு மாநிலங்களும் முல்லைப் பெரியாற்றில் முட்டிக்கொள்வதை நாளிதழ்களில் படித்துப் படித்துச் சலித்த நமக்கு, அதே இரு மாநிலங்களின் ஊழியர்கள் ஒரே மலையில் ஒரே நாளில் தண்ணீர்த் தொட்டி நிரப்புகிறார்கள் என்பது சற்று ஆறுதலான செய்திதான். உரசலே இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழகப் பக்கத்திலிருந்து நல்ல பாதை வேண்டும், நாட்கள் கூட வேண்டும் என்ற கோரிக்கை வருடந்தோறும் எழுகிறது. எழுந்தாலும் விழா நின்றுபோவதில்லை.

இதே பெரியாற்றுக் காட்டில் இன்னொரு கதை உண்டு. தொண்ணூறுகளில் இங்கே வயணா என்கிற காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்பது ஒரு தொழில். மரம் செத்துவிடும். பிடிபட்டால் வழக்கு, பிடிபடாவிட்டால் கடன்காரனுக்குத்தான் லாபம். 1996இல் உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பட்டை திருடியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சரணடைய, அவர்களையே காவலுக்கும் வழிகாட்டும் வேலைக்கும் சேர்த்துக்கொண்டது. எந்த மரம் எங்கே இருக்கிறது, திருடன் எந்தச் சரிவில் பதுங்குவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மன்னான், பளியர் குடிகளின் மிளகுத் தோட்டங்கள் வட்டிக்காரர்களிடம் அடமானத்தில் இருந்தன. அவற்றை மீட்டு, மிளகைக் கூட்டாக விற்கவும் ஒரு குழு அமைந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது பெண்கள் செய்ததுதான். 2002இல் வசந்த சேனை என்று ஒன்று சேர்ந்தார்கள், ஏறத்தாழ நூறு பேர். தினம் ஆறு பேர் கொண்ட குழு காட்டோரம் ரோந்து போகும். சம்பளம் கிடையாது. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முறை வந்த நாளில் காட்டைச் சுற்றி வருவது என்றால் அதற்கு ஒரு மனது வேண்டும். நம் நாற்காலிக் கதையை மறுபடி நினைத்துக்கொண்டேன்.

இடுக்கியைச் சொன்னால் மூணாற்றை விட்டுவிட்டுப் போக முடியாது. வழியில் மறையூர், காந்தலூர் பகுதியின் அஞ்சுநாடு இருக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் விவசாயக் குடும்பங்கள், கரும்பு, வெல்லம், வெள்ளைப்பூண்டு. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு இதழில் பார்ப்போம்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாக லயங்களில் வாழ்கின்றன. லயம் என்றால் வரிசையாகக் கட்டிய ஒற்றையறை, இரட்டையறை வீடுகள். வீடு கம்பெனியுடையது. தண்ணீர்க் குழாய் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாமே சட்டப்படி கம்பெனியின் கடமை. குழாய் உடைந்தால் போக வேண்டிய இடம் தோட்ட அலுவலகம். பஞ்சாயத்து என்பது ஓட்டுப் போடும் நாளில் நினைவுக்கு வருவது. கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவே தொழிற்சங்கத் தலைவர்கள். 2005இல் டாடா டீ விலகி, தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி வந்த பிறகும் இந்த அமைப்பு அதிகம் மாறவில்லை.

இதைக் குலுக்கியது 2015 செப்டம்பர். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. கொழுந்து கிள்ளும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று நாட்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தபோது, ‘நீங்கள் தள்ளி நில்லுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். பொம்பிளை ஒருமை என்ற பெயர் அன்று பிறந்தது, தமிழும் மலையாளமும் கலந்த அந்த மண்ணின் பேச்சிலேயே. ஒன்பது நாட்களில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ரூபாய் ஆகவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. இரண்டு மாதம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சாலையில் உட்கார்ந்த பெண்களில் சிலர் போட்டியிட்டு, தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்தில் ஓரிடமும் கிராமப் பஞ்சாயத்தில் இரண்டிடமும் பிடித்தார்கள். இடங்கள் குறைவுதான். ஆனால் லயத்துப் பெண் ஒருத்தி குழாய்த் தண்ணீருக்காகத் தோட்ட அலுவலக வாசலில் நிற்காமல் பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியது அந்த மலைக்குப் புதிது.

ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது இன்னும் தீராத துயரம். நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? தாத்தாவின் ஊரில் நிலமும் இல்லை, முகம் தெரிந்தவரும் இல்லை. பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தால் வீடு தங்கும். இல்லாவிட்டால் இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், குழந்தைகள் உட்பட. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத அந்த இரவில் நடந்தது வெளியே தெரிவதற்குள் விடிந்துவிட்டது. வாரக்கணக்கில் தேடியும் நான்கு பேரின் உடல் கிடைக்கவில்லை. அதிகாரிகளும் மீட்புப் படையினரும் வந்து சேரும் முன், மண்ணைத் தோண்டியவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள்தான்.

பெட்டிமுடியிலிருந்துதான் இடமலக்குடிக்கு நடைபாதை போகிறது. முதுவர்கள் வாழும் குடிகள் அங்கே காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. பேச்சைக் கேட்டால் தமிழ் போலவே இருக்கும், ஆனால் முழுதாகப் பிடிபடாது. முன்பு இந்தக் குடிகள் மூணாறு பஞ்சாயத்தின் ஒரு வார்டாக இருந்தன. 2010 நவம்பர் முதல் தேதி இடமலக்குடி தனிப் பஞ்சாயத்தானது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. உறுப்பினர், தலைவர் எல்லோரும் முதுவர்களே. கேட்க நன்றாயிருக்கிறது அல்லவா? சாலை இல்லாததால் அந்தப் பஞ்சாயத்தின் அலுவலகம் பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே நடந்தது! தன் பஞ்சாயத்தில் ஒரு சான்றிதழ் வாங்க முதுவக் குடும்பத்துப் பெரியவர் காட்டை விட்டு வெளியே நடந்து வர வேண்டியிருந்தது. அதிகாரத்தைக் கொடுப்பது ஒரு கையெழுத்தில் முடிகிறது. அதை மலை ஏற்றிக் கொண்டுபோவதற்கு ஆண்டுகள் ஆகின்றன.

அரசு ஏறாத மலையில் ஒரு நூலகம் ஏறியிருந்தது. குடியில் தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், கடைக்குள்ளேயே 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். சேர்வதற்கு 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். புத்தகம் எடுக்க நடந்து வருகிறவர்களுக்குச் சர்க்கரையில்லாத கட்டன் சாயா இலவசம், பிஸ்கட்டுக்கு மட்டும் காசு. அந்த 160இல் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. கண்ணகியை முதலில் கண்ட மலைமக்களின் கதையை, அந்த மலைத் தொடரிலேயே வாழும் மக்கள் மலையாள எழுத்தில் படித்திருக்கிறார்கள்!

இனி வடக்கே, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. கோவைக்காரர்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீர் அந்த மலைகளின் மடியிலிருந்துதான் வருகிறது. அங்கே இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள், 190 அளவில் ஊர்கள். ஊர் என்பதை அவர்கள் ஒரு குடியிருப்புக்குச் சொல்கிறார்கள். அந்த ஊரின் நிர்வாகத்தைப் பாருங்கள். தலைவர் மூப்பன். அவருக்கு உதவியாக, கூட்டம் கூட்டிச் செய்தி சொல்ல, குருதலை. பொதுச் சொத்தும் தானியமும் காசும் பண்டாரியின் பொறுப்பு. நான்காவது ஆள் மண்ணுக்காரன். எந்த மண்ணில் என்ன விதைக்கலாம், எப்போது விதைக்கலாம் என்று அறிந்து, விதைப்பைத் தொடங்கி வைப்பவர். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நம் சங்கத்திலும் மூன்று பதவிகள் உண்டு. மண்ணுக்கென்று ஒரு ஆளை வைக்க நமக்குத் தோன்றவில்லை.

பிறகு வெளியார் வந்தார்கள். கிழக்கே கோவைப் பக்கத்திலிருந்து தமிழ்க் கவுண்டர்கள், தெற்கே திருவிதாங்கூரிலிருந்து மலையாளக் குடியேறிகள். 1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறியது, பெரும்பாலும் கடனுக்கும் கைநாட்டுக்கும். பறிபோன நிலத்தைத் திருப்பித் தரக் கேரளச் சட்டமன்றம் 1975இல் சட்டம் செய்தது. 1999இல் அதை மாற்றி இன்னொரு சட்டம் செய்தது. நிலத்தில் உழுதுகொண்டிருந்தவர்களின் ஓட்டு எண்ணிக்கை அதற்குள் பெருகிவிட்டது. இதில் நம்மவர்களும் பங்காளிகள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது.

அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். பஞ்சாயத்தின் கிராம சபையில் குடியேறிகள் சத்தமாகப் பேசுவார்கள், ஆதிவாசிகள் பின்வரிசையில் நிற்பார்கள். 1996இல் மக்கள் திட்டம் வந்து கிராம சபைகளுக்குக் காசும் அதிகாரமும் கிடைத்தபோது இந்தப் பின்வரிசைப் பிரச்சினை பெரிதாகத் தெரிந்தது. எனவே ஆதிவாசிகளுக்குத் தனியாக ஊர்க்கூட்டம் என்ற ஏற்பாடு வந்தது. தங்கள் ஊரில், தங்கள் பேச்சில், தங்கள் மூப்பன் முன்னால் உட்கார்ந்து எது வேண்டும் என்று சொல்லலாம். அதே சமயத்தில் ஜப்பானியக் கடனுதவியோடு மலையில் மரம் வளர்க்கவும் நீர் தேக்கவும் அஹாட்ஸ் என்ற அமைப்பு வந்து, ஊர் தோறும் குழுக்கள் அமைத்தது. மரங்கள் வளர்ந்தன, அமைப்பு மூடப்பட்டது, வேலை செய்த ஊர் இளைஞர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

2013இல் அட்டப்பாடி வேறு காரணத்துக்காகச் செய்தியானது. அந்த ஒரே ஆண்டில் 30க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தன. தாய்மாருக்கு ரத்தமில்லை, குழந்தைக்கு எடையில்லை. ராகி, சாமை, தினை விளைந்த நிலம் போய், ரேஷன் அரிசியே உணவாகிவிட்டிருந்தது. இத்தனை துறைகள், இத்தனை திட்டங்கள், மூன்று பஞ்சாயத்துகள் இருந்தும் ஒரு கர்ப்பிணி என்ன சாப்பிட்டாள் என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு குடும்பஸ்ரீ மூலமாக ஊர் தோறும் சமூக அடுக்களைகள் வந்தன. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், வளரும் பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு ஊர்ப் பெண்களே சமைத்துப் போடுகிறார்கள். பஞ்சகிருஷி என்ற அவர்களுடைய பழைய கலப்புப் பயிர் முறையும் மறுபடி தொடங்கியது. மண்ணுக்காரனுக்குத் திரும்ப வேலை வந்திருக்கிறது! குழந்தை இறப்பு அடியோடு நின்றுவிடவில்லை. பிற்பட்ட ஆண்டுகளிலும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. 2018 பிப்ரவரியில் முக்காலி அருகே, அரிசி திருடினான் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கட்டிவைத்து அடித்தார்கள், அவர் இறந்துபோனார். அடித்தவர்களில் சிலர் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார்கள். 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டுக்காரர்களாக இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களிடையே நடந்தது இது.

பரம்பிக்குளத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது கேரளத்தில், முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. ஆனால் சாலை தமிழ்நாட்டில் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக. அணைகள் கேரள மண்ணில், பராமரிப்பு தமிழக அரசின் கையில். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு மதகு உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது, பழுது பார்க்க ஓடியவர்கள் தமிழகப் பொறியாளர்கள், கரையை விட்டு நகரச் சொல்லி எச்சரிக்கப்பட்டவர்கள் கேரளத்தின் சாலக்குடி ஆற்றோர மக்கள். அங்குள்ள காடர், மலசர், முதுவர் குடிகளுக்குத் தங்கள் பஞ்சாயத்து அலுவலகம் போக இன்னொரு மாநிலத்தைச் சுற்ற வேண்டும். கொரோனா காலத்தில் எல்லை மூடியபோது கஷ்டம் உச்சத்துக்குப் போனது. 2020 காந்தி ஜயந்தியன்று தேக்கடிக் குடியைச் சேர்ந்தவர்கள் (இது குமுளித் தேக்கடி அல்ல, பரம்பிக்குளத்துத் தேக்கடி) மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, கேரளத்துக்குள்ளேயே செம்மணாம்பதிக்கு இறங்கும் பாதையைத் தாங்களே வெட்டத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் மனுக் கொடுத்து நடக்காததை மண்வெட்டி அரசின் மேசை மேல் வைத்தது.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கேரளத்துத் தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் உரிமை கொடுத்தது. 2021இல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். மொழிபெயர்ப்பில் ஒரு சொற்றொடர் விட்டுப்போய், பிறகு மறுபடியும் எடுக்க நேர்ந்தது! சட்டசபையிலேயே அப்படி என்றால், லயத்திலிருந்து மனு எழுதிப் போகிறவர் பாடு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அதே தொகுதியில் 1958 இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் மேடைக்கு மேடை தமிழில் பாடியே கூட்டம் சேர்த்தார் என்பதை இளையராஜா ரசிகர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

சித்திரை மாதம் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் மங்கலதேவிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். நடக்க முடிந்தவர்கள் பளியன்குடி வழி, மற்றவர்கள் குமுளியில் வரிசையில் நின்று ஜீப். அதிகாலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். பிளாஸ்டிக் புட்டி, பை எதுவும் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்போ எவர்சில்வர் கூஜாவோ கொண்டுபோங்கள். தண்ணீர் வழியெல்லாம் வைத்திருப்பார்கள்.